அன்டனா பிடித்த அப்பா

கந்தையாவின் டீவியில் மறுபடியும் புள்ளி புள்ளியாய்க் கொட்டியது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் திருப்புங்க!"

பலாமரத்தில் தொற்றிக்கொண்டிருந்த செல்வநாயகம் அன்டனாக் குழாயைத் திருப்பினார். சிங்கள நாடகம் வந்தது. இன்னும் திருப்பினார். அதுவும் போச்சு. யட்டியாந்தோட்டை மலைக்குள் இது வழக்கம்தான். ஆனால் இன்றைக்குப் பார்த்தா இந்தக் கூத்து?

வருஷக்கணக்காக ஓடும் 'புத்தக முற்றம்' நிகழ்ச்சியில் இன்று அவர் மகள் ரோஷானி வருகிறாள். சிங்களப் பையனைக் கட்டியதற்காக, "தோட்டத்து லயத்து வீட்டுப் பக்கமே வராத" என்று அவரே விரட்டிய மகள். கொழும்பிலிருந்து புத்தகம் எழுதியிருக்கிறாளாம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை, திட்டியாவது சொல்ல மாட்டாளா? ரப்பர் மரத்தில் பால்வெட்டி வந்த மனுஷன் சோறுகூடத் தின்னாமல் மரமேறியது அதற்காகத்தான்.

எரிச்சலில் குழாயை இறுக்கிப் பிடித்தார்.

"ஆத்தாடி! பளிச்சுன்னு தெரியுது! ரோஷானி பேசுது!"

இறங்கக் கையை எடுத்தார். படம் போச்சு. கந்தையா மாறி ஏறிப் பிடித்துப் பார்த்தான். ம்ஹூம்! பாழாய்ப்போன அன்டனாவுக்குச் செல்வநாயகத்தின் கைதான் வேணுமாம். துணி விற்க வந்த ஸுலைஹாகூட உள்ளே பாய் போட்டுப் பார்க்கிறாள், பெற்றவன் மட்டும் மரத்தில். அவருக்கு வயிறு எரிந்தது.

"கந்தையா, இங்க ஒண்ணும் கேக்கல! என்னா சொல்லுதுன்னு சொல்லிக்கிட்டே இரு!"

"புத்தகம் அப்பாவுக்குத்தானாம் அண்ணே!" கந்தையா வாசலுக்கு வந்து சொன்னான்.

"நெசமாவா?"

"ஆமாண்ணே. ரொம்ப நல்லவராம் நீங்க." கந்தையாவின் குரல் இறங்கியது. "அழுவுது அண்ணே."

"அழுவாதம்மா!" என்று டீவிக்கே கேட்கும்படி கத்தினார். அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. "ஏன்டா, பேச்சையே காணோம்?"

"எல்லாரும் எழும்பி நிக்கிறாங்கண்ணே. மரியாதைக்கு."

தனக்கா? பால்வெட்டுகிறவனுக்கா? நாளைக்கே பஸ் ஏறிப் போய், காலில் விழுந்தாவது மகளைக் கூட்டி வந்துவிட வேண்டும். முட்டி சிராய்க்கச் சறுக்கி இறங்கினார்.

கந்தையா டீவியை அணைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுற்றினான். அவர் யாரென்று தெரியாத ஸுலைஹா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீயும் பாத்தியா?" செல்வநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாரும் எழும்பி நின்னாங்களாமே?"

"நின்னாங்க அண்ணே. அந்தப் புள்ளயோட வாப்பா மௌத்தாகிட்டாராமே, செத்துப்போன அவருக்காக."