ஒன்பது 'ஏ' வீட்டுக்கு ஃபைபர் வருமா?

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புனா கிடைச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டு அம்மாள் நோரீன் சக்டன் தன் டேப்லெட்டை க்ளைவ் ஆக்ராய்டின் தோட்டத்துச் சுவர்மேல் சாய்த்து வைத்தார். ஒரு கையில் குடை. இன்னொரு கையால் திரையில் விழும் தூறலைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரைக்குள் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கை பெவர்லி, வாயைப் பாதி திறந்தபடி உறைந்துபோயிருந்தாள்.

க்ளைவ் இதையெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்க்காமல் இருக்கத்தான் முயன்றார். முடியவில்லை.

பிஸ்கட் ஃபாக்டரியில் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வாழ்நாளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லை என்று சொல்லிக்கொள்வார். இப்போது அவருக்கு வேண்டியது இரண்டே விஷயம்: அமைதி, சதுரங்கம். சாயங்காலம் டீயும் கையுமாகக் கணினி முன்னால் உட்கார்ந்தால் ஐஸ்லாந்திலிருந்து ஒரு ஆள் விளையாட வருவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் அந்த நட்பு நீடித்தது.

வட இங்கிலாந்தின் ஸ்கிப்டன் ஊரில் அந்தத் தெரு முழுக்க இலையுதிர்காலத்தில் பள்ளம் தோண்டி ஃபைபர் இணையக் கேபிள் இழுத்துவிட்டார்கள். எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது, நோரீன் வீட்டைத் தவிர. அவரோ, ஃபைபர் வரும் என்று வாசலில் போட்ட நோட்டீஸை நம்பிப் பழைய இணைப்பை முதலிலேயே வெட்டச் சொல்லிவிட்டார். பாவம் பார்த்து க்ளைவ் தன் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தார். இரண்டடிக் கருங்கல் சுவரைத் தாண்டி அது போகவில்லை. அதனால்தான் இந்தச் சுவர்க் கச்சேரி.

தூறல் மழையானது. க்ளைவ் பெருமூச்சு விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

"உள்ள வந்து பேசுங்க. நனையறீங்க."

"உங்களுக்கு எதுக்குக் கண்ணு சிரமம்?" என்று கேட்டு முடிப்பதற்குள் நோரீன் உள்ளே வந்து கோட்டைக் கழற்றியிருந்தார்.

மறுநாள் மழை இல்லை. ஆனாலும் வந்தார்.

ஒரு வாரத்தில் ஜன்னலோர நாற்காலி நோரீனின் நாற்காலி ஆனது. அங்கே சாயங்காலம் என்றால் அடிலெய்டில் விடியற்காலை. பெவர்லி நைட்டியோடு, காப்பியோடு, தூக்கக் கலக்கத்தோடு பேசுவாள். பேச்சு சலித்தால் அக்காவின் தோளுக்கு மேலே தெரியும் க்ளைவின் சதுரங்கத்தைப் பார்ப்பாள்.

"நோரீன், அந்த மனுஷன்கிட்ட சொல்லு, ராணி போகப் போகுதுன்னு."

"க்ளைவ், ராணி போகப் போகுதாம்."

"எனக்குத் தெரியும்" என்றார் க்ளைவ். தெரியாது. ராணி போனது. ஐஸ்லாந்து ஆள் முதன்முறையாக ஒரு சிரிக்கும் பொம்மையை அனுப்பினார்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டுமென்று க்ளைவ் தீர்மானித்தார். நோரீனை வராதே என்று சொல்ல வாய் வராது. ஆக, அவர் வீட்டுக்கே ஃபைபர் வரவழைத்துவிட வேண்டியதுதான். ஃபைபர் கம்பெனிக்குப் போன் போட்டார். காத்திருக்கச் சொல்லிப் புல்லாங்குழல் வாசித்தார்கள். இரண்டு கோப்பை டீ ஆறிய பிறகு ஒரு பெண் பேசினாள்.

"சார், எங்க கம்ப்யூட்டர்ல ஒன்பது 'ஏ'ன்னு ஒரு வீடே இல்ல."

"வீடு இல்லன்னா அந்தம்மா தினமும் எங்கேருந்து கிளம்பி வர்றாங்க?"

"அது எனக்குத் தெரியாது சார். ஒன்பது இருக்கு, பதினொண்ணு இருக்கு. ஒன்பது 'ஏ' இல்ல."

நோரீன் வீடு முன்பு பொத்தான் கடை. வீடாக மாற்றியபோது எண்ணோடு ஒரு 'ஏ' ஒட்டிக்கொண்டது. தபால்காரருக்கு அது தெரியும். வரி கேட்கும் கவுன்சிலுக்கும் தெரியும். கம்பெனியின் கணினிக்கு மட்டும் தெரியவில்லை.

"ஆதாரம் இருந்தா அனுப்புங்க சார், திருத்திடலாம்" என்றாள் அந்தப் பெண்.

க்ளைவ் நோரீனை அவர் வீட்டுக் கதவெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். நோரீன் அதற்காகத் தலையை ஒழுங்குபண்ணி, உதட்டுச் சாயம் பூசி வந்தார்.

"சிரிக்கணுமா கண்ணு?"

"நம்பர் தெரிஞ்சா போதும்."

"அப்ப சிரிச்சுடறேன்."

படம் போனது. உடனே பதில் வந்தது: முகவரி திருத்தப்பட்டது. க்ளைவ் வெற்றிப் பெருமிதத்தோடு தூங்கினார். காலையில் எழுந்து பார்த்தால் அவர் வீட்டு இணையம் செத்துக் கிடந்தது.

மறுபடியும் புல்லாங்குழல். மறுபடியும் அதே பெண்.

"சார், எந்த வீட்லேருந்து பேசறீங்க?"

"ஒன்பது."

"அந்த வீடு இப்ப இல்லையே சார். ஒன்பதை ஒன்பது 'ஏ'ன்னு மாத்தச் சொல்லி நீங்கதானே போட்டோ அனுப்புனீங்க?"

"நான் மாத்தச் சொல்லலைம்மா. சேக்கச் சொன்னேன்."

"சேக்கறதுக்கு எங்ககிட்ட பட்டன் இல்ல சார். மாத்தறதுக்குத்தான் இருக்கு."

க்ளைவ் போனை வைத்தார். பிறகு தன் வீடு இருக்கிறது என்று நிரூபிக்கத் தன் கதவையும் படம் எடுத்து அனுப்பினார். "ஒரே படத்தை இரண்டு முறை அனுப்பியுள்ளீர்கள்" என்று பதில் வந்தது. புகார் எழுதினார். புகார் ஒன்பது 'ஏ' பெயரில் பதிவானது. அந்தக் குளிர்காலத்தில் பல் வைத்தியத்துக்காக அடிக்கடி லீட்ஸ் நகரத்துக்குப் போகவேண்டியிருந்தது. ரயிலில் உட்கார்ந்தும் கம்பெனியோடுதான் சண்டை. பல் வைத்தியரிடம் போய்ச் சேரும்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஒரு நல்லதாவது நடக்கும் என்று நினைத்தார். நெட் இல்லாத வீட்டுக்கு நோரீன் எதற்கு வரப்போகிறார்?

இணையம் போன அன்றே சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

"இங்கயும் நெட் இல்லையே" என்றார் க்ளைவ்.

"அதனால என்ன? திடீர்னு வந்துட்டா? வர்ற நேரத்துல நான் இங்க இல்லாம போயிடக்கூடாதுல்ல?" என்று நோரீன் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பெவர்லி தேடமாட்டாங்களா?"

"அவளா? அவ இப்ப ஊர் சுத்தப் போயிருக்கா. பேசறதுக்கு அவளுக்கு நேரமே இல்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி டீ குடித்தார்கள். டீ தீர்ந்தது. க்ளைவ் பரணிலிருந்து பழைய மரச் சதுரங்கப் பலகையை எடுத்துத் தூசி தட்டினார். வேறு வழியில்லாமல்தான்.

"இந்தக் குதிரை மட்டும் ஏன் கோணலாப் போகுது? குடிச்சிருக்கா?"

"அது அப்படித்தான் போகும்."

"எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தவரைக்கும் சனிக்கிழமை ராத்திரி இப்படித்தான் வருவாரு."

க்ளைவ் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவருக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது.

முதலில் நோரீன் எல்லா ஆட்டத்திலும் தோற்றார். பிறகு மெல்ல மெல்லத் தேறினார். ஒருநாள் ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்து, க்ளைவின் ராஜாவை மூலையில் கட்டிப்போட்டார். அவ்வளவு சீக்கிரம் இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டார் என்று க்ளைவுக்குப் புரியவில்லை.

"உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றார் நோரீன், பலகையைப் பார்த்தபடி.

"அதை நான் உங்களுக்குச் சொல்லித் தரலையே?"

"நல்ல வாத்தியார்னா சொல்லித் தராததும் வரும் கண்ணு. டீ ஊத்துங்க."

க்ளைவ் இஞ்சி பிஸ்கட் வாங்கிவைக்க ஆரம்பித்தார். அவருக்குப் பிடிக்காது, நோரீனுக்குப் பிடிக்கும். சாயங்காலம் ஆவதற்கு முன்பே ஜன்னலோர நாற்காலிப் பக்கம் ஹீட்டரைத் தள்ளிவைத்தார். கம்பெனிக்குப் போன் செய்ய ஒரு வாரம் மறந்துபோனார். மறந்தாரா என்பது வேறு விஷயம்.

ஆனால் கம்பெனி மறக்கவில்லை. வேண்டாம் என்று நினைக்கிற நேரத்தில்தானே அவர்களுக்குச் சுறுசுறுப்பு வரும். நோரீன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த ஒரு மார்ச் மாதக் காலையில் வேன் வந்து நின்றது. நரைத்த தாடியும் சின்னத் தொப்பையுமாக நதீம் என்ற தொழில்நுட்பக்காரர் இறங்கினார். பிராட்ஃபோர்டு ஆள்.

"ஒன்பது இதுதானே சார்? வீட்டை மறுபடி கண்டுபிடிச்சிட்டாங்க" என்று சிரித்தபடியே வேலையைத் தொடங்கினார்.

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. க்ளைவ் கணினியைத் திறந்தார். உள்ளே ஐஸ்லாந்து ஆள் விட்டுப்போன ஒரே ஒரு செய்தி காத்திருந்தது: 'உயிரோடு இருக்கிறீர்களா?'

இருக்கிறேன் என்று பதில் போட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். சந்தோஷம் வரவில்லை.

நதீம் கருவிகளைப் பெட்டிக்குள் அடுக்கினார். க்ளைவ் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். இந்த ஆள் இப்படியே வேன் ஏறிப் போய்விட்டால் நோரீன் இன்று சாயங்காலமும் வருவார், நாளையும் வருவார். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். ஆனால் அந்த அம்மாள் குளிர்காலம் முழுக்க அடுத்தவர் வீட்டில் தொத்திக்கொண்டு கிடந்திருக்கிறார். வாய்ப்பு வந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது மனுஷத்தனமா?

நதீம் வேன் கதவைத் திறக்கும்போது க்ளைவ் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

"ஒரு நிமிஷம். உங்களால ஒரு உதவி ஆகணும்."

"சொல்லுங்க சார்."

"பக்கத்து வீடு, ஒன்பது 'ஏ'. அங்கயும் இன்னிக்கே இணைப்புக் குடுத்துட்டுப் போக முடியுமா? அந்தம்மா ரொம்ப நாளா நெட் இல்லாம கஷ்டப்படறாங்க. தனியா இருக்கறவங்க. நல்லவங்க." க்ளைவ் பர்ஸைத் தேடிப் பையைத் தடவினார். "கூடக் காசு ஆனாலும் நான் தர்றேன்."

நதீம் ஒன்பது 'ஏ' கதவைப் பார்த்தார். பிறகு க்ளைவின் காலுறையைப் பார்த்தார். தாடியைச் சொறிந்துகொண்டார்.

"அந்த வீட்டுக்கு நான்தானே சார் பிப்ரவரியிலயே வந்து போட்டுக் குடுத்தேன். 'பக்கத்து வீட்டுக்காரர் காதுல மட்டும் விழ வேணாம் தம்பி'ன்னு எனக்கு ரெண்டு துண்டு கேக் வேற குடுத்தாங்க… அது நீங்கதானா?"