மூன்று நாளில் நான்கு பிறந்தநாள்

தாயன்பைப் பற்றி உலகத்தில் எழுதித் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகளின் அன்பைப் பற்றித்தான் போதிய ஆவணங்கள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் நம் துணைத் தலைவர். பெற்ற தாயைக் கடற்கரைக்கு அழைத்துப் போய் மூன்றே நாளில் நான்கு பிறந்தநாள் கொண்டாடிய மகன் மனித குலத்தில் இவருக்கு முன்னால் பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கிறவன் ஐந்துக்கு முயற்சி செய்து பார்க்கலாம்.

துணைத் தலைவர் என்றால் நாட்டுக்கு அல்ல. துணி துவைக்கும் இயந்திரம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு'க்கு. இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகினால் அதைப் பழுதுப் பிரிவு பார்த்துக்கொள்ளும், அல்லது பார்க்காமல் இருந்துகொள்ளும். ஒழுகிய தண்ணீரில் நிற்கிற ஆளை மகிழ்விப்பதுதான் இவர் பொறுப்பு. அதற்கென்று இவர் கண்டுபிடித்ததுதான் பிறந்தநாள் வாழ்த்து. இயந்திரம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பிறந்தநாளன்று விடிந்ததும் கைப்பேசியில் வாழ்த்து போய் நிற்கும். 'நீங்கள் பிறந்ததில் எங்களுக்குப் பெருமை' என்று இருக்கும். அடியில் 'அன்புடன்' என்று போட்டு இவர் பெயர். அனுப்புவது கம்ப்யூட்டர்தான். ஆனால் அன்பு முழுக்க முழுக்க இவருடையது என்று ஆண்டறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவரின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு புகைப்படம். கணக்குப் பிரிவு மேலாளர் தன் தாயாரைக் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போய், கண்ணாடிச் சுவரோர மேசையில் உட்கார வைத்து, பின்னால் சூரியன் மறையும்போது எடுத்த படம். அதை அலுவலகக் குழுவில் போட்டிருந்தார். எல்லாரும் இதயம் போட்டார்கள். நிர்வாக இயக்குநரே இதயம் போட்டார். அந்த மனிதரிடம் இதயம் இருக்கும் செய்தியே அலுவலகத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

"கணக்குப் பிரிவுக்கே இவ்வளவு பாசம்னா மகிழ்ச்சிப் பிரிவுக்கு எவ்வளவு இருக்கணும்!" என்று துணைத் தலைவர் மேசையைத் தட்டினார். காலியாக இருந்த தலைவர் பதவிக்கு இந்த மாதம் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உடனே தாயாருக்கு ஃபோன் போட்டார். தாயார் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது வரவேண்டும், எவ்வளவு தாமதம், டிரைவர் சொல்லும் காரணத்தில் எத்தனை சதவீதம் பொய் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தனியாக இருக்கிறார். வீட்டில் துணைக்கு மகன் கம்பெனியின் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று.

"கடலுக்கா? நானும் நீயுமா?" என்று தாயார் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "பதினாலாந்தேதி அங்க இருக்கற மாதிரி பாத்துக்கடா" என்றார்.

"ஏன், பதினாலாந்தேதி என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

துணைத் தலைவர் விசாரித்தார். பதினைந்தாம் தேதியிலிருந்து அங்கே அறை வாடகை ஏறுகிறது. அம்மாவின் சிக்கன புத்தியை நினைத்து அவருக்கு நெஞ்சு விம்மியது.

ஓட்டல்களைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் அவரும் அவருடைய உதவியாளரும். கடற்கரையில் இருக்கும் அத்தனை ஓட்டல்களைப் பற்றியும் ஊர் உலகம் எழுதி வைத்த கருத்துகளை உதவியாளர் வாசிக்க வாசிக்க, துணைத் தலைவர் 'மகிழ்ச்சி மதிப்பெண்' போட்டார். 'சாப்பாடு அருமை, கடல்தான் கொஞ்சம் சத்தம்' என்று ஒருவர் எழுதியிருந்த ஓட்டலுக்கு அரை மதிப்பெண் வெட்டு. எல்லாரும் புகழ்ந்திருந்த ஓட்டல் ஒன்று சந்தேகத்தின் பேரில் நீக்கப்பட்டது.

"சார், அம்மாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று உதவியாளர் கேட்டார்.

"அது தனிநபர் விருப்பம். அதை உள்ள விட்டா ஆய்வே கெட்டுப் போயிடும்" என்றார் துணைத் தலைவர். உதவியாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

நான்கு ஓட்டல்கள் தேறின. இரண்டாவது, உச்சி மாடியில் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஓட்டல்; மூன்றாவது, தோட்டத்துக்கு நடுவே இருப்பது. நாலாவது, கணக்குப் பிரிவு மேலாளர் போன அதே ஓட்டல். ஆனால் நான்கிலுமே கண்ணாடியோர மேசை காலியில்லை.

"ஏதாவது விசேஷம்னா பாக்கலாம் சார்" என்றது முதல் ஓட்டலின் குரல்.

"பிறந்தநாள்" என்றார் துணைத் தலைவர். வாழ்க்கையில் அவர் அதிகம் பயன்படுத்திய சொல் அது. தானாகவே வாயில் வந்துவிட்டது.

"யாருக்கு சார்?"

"எங்கம்மாவுக்கு."

"எத்தனாவது?"

"அறுபது."

"அறுபதுக்கு நடு வரிசைதான் சார் வரும். அறுபத்தஞ்சுக்கு மேலதான் கண்ணாடியோரம்."

"அப்ப அறுபத்தஞ்சுன்னு போட்டுக்கோங்க."

தாய்க்காக இப்படி விட்டுக்கொடுக்கும் மகன்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? சுற்றும் ஓட்டல் அறுபத்தெட்டு கேட்டது. தோட்ட ஓட்டல் எழுபது கேட்டது. கணக்குப் பிரிவு ஓட்டல் உயர்தர ஓட்டல் ஆதலால் எழுபத்தைந்துக்குக் குறைந்து பேசவே மறுத்துவிட்டது. துணைத் தலைவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி மாலை முதல் ஓட்டல். கப்பல் மாதிரி கட்டியிருந்தார்கள். கண்ணாடியோர மேசையில் உட்கார்ந்ததும் தாயார் கடலைப் பார்த்தார். "கீழ இறங்கிக் காலை நனைச்சுட்டு வந்து சாப்பிடலாமாடா?" என்றார்.

"மேசைய விட்டா போயிடும்மா. இங்கேருந்தே நல்லாத் தெரியுதே."

அப்போது விளக்குகள் அணைந்தன. சீருடை போட்ட ஐந்து பேர் கைதட்டிப் பாடிக்கொண்டே கேக்கோடு வந்தார்கள். நடுவில் '65' என்று மெழுகுவர்த்தி எரிந்தது. தாயார் திரும்பிப் பார்த்தார், பின்னால் யாருமில்லை. அவர் முகம் சட்டென்று மலர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். துணைத் தலைவர் மட்டும் கேமராவில் வெளிச்சம் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எனக்காடா? ஆனா இன்னிக்கு இல்லியேடா..."

"ஷ்ஷ். மேசைக்காகச் சொன்னேம்மா. சும்மா ஊது."

தாயார் ஊதினார். பாடகர்கள் போனபிறகு மெல்லக் கேட்டார். "நிஜமா எனக்கு என்னிக்குன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"என்னம்மா கேள்வி இது! ஊர்ல இருக்கற லட்சம் பேரோட பிறந்தநாள் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. உன்னோடது எனக்குத் தெரியாதா?"

அது நியாயமான பதில்தான். தாயார் ஆறிப்போன சூப்பை எடுத்துக் குடித்தார். அவர் முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. பதினாலாம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் மதியம் சுற்றும் ஓட்டலில் அவருக்கு அறுபத்தெட்டு முடிந்தது. தலையில் காகிதக் கிரீடம் வைத்தார்கள். கடல் ஒரு பக்கமாக வந்து இன்னொரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இதற்குள் தாயாருக்கும் தொழில் பழகிவிட்டது. கண்ணை மூடி, வேண்டிக்கொண்டு, ஒரே மூச்சில் ஊதினார்.

"என்ன வேண்டிக்கிட்டீங்கம்மா?" என்று பரிமாறியவர் கேட்டார்.

"ஒரு வேளையாவது சூடா சாப்பிடணும்னு."

அன்று இரவு தோட்ட ஓட்டலில் எழுபது. தோளில் 'எழுபதிலும் இளமை' என்று பட்டையை மாட்டி, வாசலில் இருந்த 'இன்றைய நாயகி' பலகைக்காகப் படம் எடுத்தார்கள்.

"நேத்து அறுபத்தஞ்சுதானடா?" என்றார் தாயார். "கடல் காத்து எனக்கு ஒத்துக்கல போல."

துணைத் தலைவர் சிரிக்கவில்லை. எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் சூரியன் இல்லை, ஒன்றில் கிரீடம் கண்ணை மறைத்தது, ஒன்றில் அம்மா சூப்பைப் பார்க்கிறார். இயக்குநரின் இதயம் இதற்கெல்லாம் இறங்கி வராது.

பதினாலாம் தேதி காலை. அறை ஜன்னலோரம் தாயார் குளித்து, புதுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். துணைத் தலைவர் எழுந்தார், பல் தேய்த்தார், காப்பி குடித்தார், வானிலை அறிக்கை பார்த்தார். தாயார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிப்போ வாசலில் நின்று, வராத வண்டிக்காகச் சாலையைப் பார்த்துப் பழகியவர். அவருடைய கைப்பேசி 'டிங்' என்றது.

எடுத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது.

"டேய், உங்க கம்பெனிலேருந்து எனக்கு மெசேஜ் வந்திருக்குடா!"

"ஏதாவது சலுகையா இருக்கும்மா. எல்லாருக்கும் போறதுதான். அழிச்சுடு, ஃபோன்ல இடம் அடைக்கும்."

தாயார் கொஞ்ச நேரம் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மகன் சொன்னபடி அழித்தார். வாடிக்கையாளர் ஒருவர் மகிழ்ச்சிப் பிரிவின் ஆலோசனையை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டது அதுவே முதல் முறை.

"இந்தச் சேலை எப்படிடா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"சூப்பர். சாயங்காலம் வரைக்கும் கசங்காம பாத்துக்க. வெளிச்சத்துக்கு எடுப்பா இருக்கும்."

மாலையில் கணக்குப் பிரிவு ஓட்டல். வாசலிலேயே மேனேஜர் நின்றிருந்தார். கோட்டு போட்ட, மெல்லப் பேசுகிற, எதையும் நம்பாத மனிதர்.

"வாங்கம்மா. எழுபத்தஞ்சுன்னு சொன்னாங்க." தாயாரை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா நேத்து தோட்ட ஓட்டல் பலகைல உங்க படத்தைப் பாத்தேனே. எழுபதுன்னு போட்டிருந்துச்சு."

துணைத் தலைவர் மேனேஜரின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் பிரிவுக்குக் கிடைத்த அதே மேசை, காலியாக, கைக்கெட்டும் தூரத்தில்.

"அது வந்து... அது முன்னோட்டக் கொண்டாட்டம்" என்றார்.

"அஞ்சு வருஷ முன்னோட்டமா சார்? இந்தக் கடற்கரைல தினம் பத்து பேருக்குப் பிறந்தநாள் வருது. மேசை காலியாயிட்டா ஒருத்தருக்கும் வர்றதில்ல. மன்னிச்சுக்கோங்க. உள் வரிசைல, சமையல்கட்டுப் பக்கமா உக்காருங்க."

அந்த நேரம் பார்த்து தாயாரின் கைப்பேசி அலறியது. வீடியோ கால். தாயார் பட்டனை அழுத்தியதும் திரை முழுக்கச் சித்தியின், அதாவது தாயாருடைய தங்கையின் முகம். ஊருக்கே கேட்கும் குரல்.

"அக்கா! பொறந்தநாள் வாழ்த்துக்கா! காலைலேருந்து அடிக்கறேன், லைனே கிடைக்கல! நல்லா இருக்கணும்கா நீ! நூறு வருஷம் இருக்கணும்!" சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். "நம்ம அம்மா இருந்திருந்தா இன்னிக்கு உன்னைப் பாத்து... சரி விடு, அழமாட்டேன். புள்ள கூட இருக்கானா? அது போதும்கா. உனக்கு அது போதும்."

"இருக்கான்டி. பக்கத்துலதான் இருக்கான்" என்றார் தாயார்.

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிக்கணும்மா" என்றார். "சந்தேகப்பட்டுட்டேன். வாங்க." அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். கடல் முழுவதும் எதிரே விரிந்தது. கேக் வந்தது. '75' எரிந்தது. சூரியன் சரியான இடத்தில் நின்றது.

துணைத் தலைவர் குனிந்து தாயாரின் காதருகே சொன்னார். வாழ்நாளில் அவர் தாயாரை இவ்வளவு மெச்சியதில்லை.

"பின்னிட்டம்மா! சித்தியையும் செட் பண்ணி வச்சிருந்தியா? சொல்லவே இல்லியே! என்னமா நடிச்சாங்க! அந்த அழுகை இருக்கே, நிஜம் தோத்துது போ. ரெண்டு பேரும் எத்தனை தடவ ஒத்திகை பாத்தீங்க?"

தாயார் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குப் பேச்சு வந்ததுலேருந்து பாக்கறோம்டா. வருஷத்துக்கு ஒரு தடவ. இதே தேதில."

துணைத் தலைவர் முதலில் சிரித்தார். பிறகு பாதிச் சிரிப்பில் நின்றார். "சார், அப்படியே இருங்க, ரொம்ப நல்லாருக்கு" என்று பரிமாறுபவர் படம் எடுத்தார். உண்மையிலேயே நல்ல படம். சூரியன், கடல், மெழுகுவர்த்தி, சிரிக்கவும் முடியாமல் வாயை மூடவும் முடியாமல் ஒரு மகன். அலுவலகக் குழுவுக்கு அது போனபோது இயக்குநர் இரண்டு இதயம் போட்டார்.

"ஏம்மா..." துணைத் தலைவரின் குரல் மகிழ்ச்சிப் பிரிவின் குரலாக இல்லை. "காலைலயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனேடா. உங்க கம்பெனிலேருந்து மெசேஜ் வந்திருக்குன்னு." தாயார் கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவர் வாயருகே நீட்டினார். "வாங்கிக்க. அதுல அன்புடன்னு போட்டு, கீழ உன் பேரு இருந்துச்சு. ஒரு நிமிஷம், நீதான் அனுப்பினியோன்னு நெனச்சுட்டேன்."