கதவைச் சாத்திப்போட்டு ஓட்டு

யாருக்கும் புரியாத இசையைக் கேட்பதில் பாதி இன்பம்தான் காதுக்கு. மீதிப் பாதி, பக்கத்தில் இருப்பவனுக்கு அது புரியவில்லை என்பதைப் பார்ப்பதில் இருக்கிறது. இந்த இரண்டாவது இன்பத்துக்காகவே என் வாலிபத்தில் முழுசாக ஒரு வருஷத்தைச் செலவழித்தவன் நான். (முதல் இன்பம் எப்போதாவது கிடைத்ததா என்று கேட்காதீர்கள். தலைவலி கிடைத்தது.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருந்தேன். கூடப் படித்த ஜெரால்டுக்கு அவன் அக்கா வீட்டுக்காரர் ஜெர்மனியிலிருந்து ஒரு கேசட் அனுப்பியிருந்தார். பீளமேட்டில் அவன் அறையில் போட்டுக் கேட்டோம். அதில் பாட்டு இல்லை, பாடுகிறவரும் இல்லை. லிப்ட் கதவு மூடுகிற சத்தம், யாரோ ஒரு அம்மாள் போனில் 'ஹலோ' சொல்கிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் ஒரு கம்ப்யூட்டரை விக்கல் எடுக்கவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டு, "என்னமா இருக்குது பாத்தியா?" என்றான். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு, "உலகத் தரம்" என்றேன். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அதற்குப் பிறகு சினிமாப் பாட்டைக் கேட்கிறவர்கள் எல்லாரும் எனக்கு ஆடுமாடாகத் தெரிய ஆரம்பித்தார்கள். காந்திபுரத்தில் எழுதிக் கொடுத்தால் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. அங்கே போய், "மெஷின் சத்தத்த வெச்சே செஞ்ச மியூசிக் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் அக்கறையாக, "ஏனுங்க தம்பி, உங்க டேப்பு ரிப்பேருங்களா? ஹெட்டத் தொடச்சுப் பாத்தீங்களா?" என்றார். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எழுந்துபோய் என்னையே ஒரு அறை விடலாம்போல இருக்கிறது.

கேட்டது போதும், இனி படைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் தறிக்குடோன். வியாபாரிகளிடம் நூல் வாங்கி, கூலிக்குத் துணி நெய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. பிறந்ததிலிருந்து கேட்ட 'தடக் தடக்' சத்தம் அந்த ஆடி மாசத்தில் திடீரென்று எனக்குக் கலையாகக் கேட்டது. டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தறிக்குத் தறி அலைந்தேன். நூலை இழுத்துக்கொண்டு நாடா பாய்வது, மோட்டார் உறுமுவது, தறி ஓட்டும் மாராத்தாக்கா தும்முவது என்று எதையும் விடவில்லை.

அப்பாவும் சிக்கினார். தறிச் சத்தத்தை மிஞ்சிப் பேசிப் பேசியே உருவான குரல் அவருடையது. காதில் ரகசியம் சொன்னாலும் பக்கத்து வீட்டில் 'என்னங்க?' என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும்போது நூல் காய்ந்து பொடுக் பொடுக்கென்று அறுந்துபோகும். அதனால் அவர், "கதவச் சாத்திப்போட்டு ஓட்டுங்க, ஆடிக் காத்துல நூலு பூரா அறுந்துபோவுது!" என்று கத்தினார். அதில் எனக்குப் பிடித்தது 'கதவச் சாத்திப்போட்டு ஓட்டு' என்கிற துண்டு மட்டும்தான். தறியின் தாளத்தில் அச்சாக உட்கார்ந்தது. மிச்சம் தாளத்தைக் கெடுத்தது, வெட்டிவிட்டேன்.

வெட்டுவது என்றால் இப்போதுபோல விரலால் தடவுகிற வேலை இல்லை. இரண்டு கேசட் போடுகிற பெட்டியில் ஒன்றை ஓடவிட்டு, மற்றதில் பாஸ் பொத்தானைச் சரியான நொடியில் விட்டு, சரியான நொடியில் அழுத்தி, மறுபடி பின்னால் ஓட்டி, மறுபடி விட்டு... நாள் முழுக்க உட்கார்ந்தால் அரை நிமிஷம் தேறும். இந்த உழைப்பில் பாதியை வேலை தேடுவதில் காட்டியிருந்தால் கலெக்டராகியிருப்பேன். ஜெரால்டு கேட்டுவிட்டு, "இத நாலு பேருக்குள்ள வெச்சிருக்கறது பாவம்டா. மக்கள்கிட்டப் போகோணும்" என்றான். (சொன்னவன், மக்களிடம் அது போன அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் அவன் பெரியம்மா வீட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தான்.)

மக்களிடம் போகிற நாளாக நான் தேர்ந்தெடுத்தது என் அக்காவின் நிச்சயதார்த்தம்.

சுமதி அக்காவுக்கு வந்த ஜாதகமெல்லாம் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாகப் பக்கத்து ஊரில் நல்ல இடம் ஒன்று அமைந்தது. பெண் பார்க்க வந்துபோன மறுநாளிலிருந்து அக்கா சமையல்கட்டில் பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்துக் கவுண்டர் தறிக்காரர் சங்கத்தில் முக்கியமான ஆள். ஆவணி பிறந்ததும் வியாபாரிகளிடம் கூலி உயர்வு கேட்டுச் சுற்றுவட்டாரத் தறிகளையெல்லாம் நிறுத்தினார்கள். முன்னால் நின்று நிறுத்தியவர் அவர்தான். மொபெட்டில் ஊர் ஊராகப் போய், எங்காவது ஒரு தறி திருட்டுத்தனமாக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். ஓட்டியவன் கருங்காலி. அப்புறம் அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் போக மாட்டார்கள். எங்கள் ஊரும் சத்தமே இல்லாமல் காது அடைத்ததுபோலக் கிடந்தது.

அந்த அமைதியில்தான் என் புத்தி வேலை செய்தது. ஊரே தறிச் சத்தத்துக்கு ஏங்கிக் கிடக்கிறது, உழைக்கும் மக்களின் ஓசையை அவர்களுக்கே திருப்பிக் கொடுப்போம் என்று நினைத்தேன். சத்தியமாக இப்படித்தான், இதே வார்த்தைகளில் நினைத்தேன்.

எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்தை உப்புச் சக்கரை மாற்றுவது என்பார்கள். அன்றைக்குக் காலையிலேயே பழனிச்சாமியண்ணன் மைக் செட் கட்டிவிட்டார். ஒரு குழாய் ஸ்பீக்கர் வாசல் தென்னை மரத்தில். இன்னொன்றுக்கு வேறு மரம் கிடைக்காமல், பின்னால் தறிக்குடோன் கூரையில். மாப்பிள்ளை வீட்டு வேன்கள் ஊர் எல்லையில் திரும்புவதாகத் தகவல் வந்தபோது அவர் பந்தியில் இருந்தார். "சித்தெ பாத்துக்க கண்ணு, சாப்புட்டுப்போட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் நாதஸ்வரக் கேசட்டை எடுத்துவிட்டு என் கேசட்டைப் போட்டேன். சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினேன். முன்குழாயின் ஒயர் அந்த நேரம் பார்த்துப் பிடுங்கிக்கொண்டது எனக்குத் தெரியாது. சத்தம் முழுவதும் பின்னால், குடோன் கூரையிலிருந்து கிளம்பியது.

தடக் தடக் தடக் தடக். "கதவச் சாத்திப்போட்டு ஓட்டு!" தடக் தடக். "கதவச் சாத்திப்போட்டு ஓட்டு!"

வேனிலிருந்து முதலில் இறங்கியவர் நாச்சிமுத்துக் கவுண்டர். அவர் காது அப்படியே விறைத்ததைப் பார்த்தேன். ரசிக்கிறார் என்று நினைத்தேன். பின்னால் சீர்த்தட்டோடு இறங்கிய சொந்தக்கார ஒறம்பரை சனம் மொத்தமும் தெருவில் அப்படியே நின்றது. ரசிகர் கூட்டமே கூடிவிட்டது என்று பூரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக என் படைப்பை யாரும் கேட்டதில்லை.

"ஏனுங்க" என்றார் அவர் அப்பாவிடம். காலையில் போனில்கூட 'சம்பந்தி' என்று கூப்பிட்டவர். "தறி ஓடுதுங்களாட்ட இருக்குதுங்க?"

அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, "ஐயோ, இல்லீங்க" என்றார். கூரைக்கு மேலிருந்து அவர் குரலே, 'கதவச் சாத்திப்போட்டு ஓட்டு!' என்று மறுத்தது.

"பேசறது நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க. ஆனா நான் பேசலீங்க."

பழனிச்சாமியண்ணன் எச்சில் கையோடு ஓடிவந்து டேப்பை நிறுத்தினார். எல்லாருக்கும் அது மைக் செட் சத்தம்தான் என்று புரிந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் இருந்தார், துப்பறியும் மூளை. "அண்ணா, நல்லா ரோசன பண்ணுங்க. உள்ள நெசத் தறி ஓடறது வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் மேல தறிச் சத்தத்தப் போட்டு உட்டிருக்கறாங்க!" என்றார். இவ்வளவு நுட்பமாக என் இசைக்கு இதுவரை யாரும் விளக்கம் சொன்னதில்லை.

எல்லாரும் குடோனுக்குப் போனார்கள். அப்பா பூட்டைத் திறந்தார். உள்ளே சமையல்காரர் லட்டுத் தாம்பாளங்களைத் தறிமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். நாச்சிமுத்துக் கவுண்டர் ஒவ்வொரு மோட்டாராகக் கை வைத்துப் பார்த்தார். எல்லாம் சில்லென்று இருந்தன. பாவு நூலில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"இன்னைக்கு ஓட்டலீங்க, ஒத்துக்கறேன்" என்றார். கோபத்திலும் அவர் பேச்சில் ஒரு 'ங்க' குறையவில்லை, அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. "ஆனா கதவச் சாத்தி ஓட்டச் சொன்னது என்னைக்குங்க? நாலு ஊரு தறிய நிறுத்திப்போட்டு, கருங்காலி ஊட்ல பொண்ணெடுத்தன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க சங்கத்துல போய் உக்காருவேன்?"

வேன் டிரைவரை யாரோ கூப்பிட்டார்கள். சீர்த்தட்டுகள் திரும்ப வேன் பக்கம் நகர ஆரம்பித்தன. தட்டுத் தூக்கியவர்களிடம் அப்பா, "இருங்க, இருங்க" என்று கெஞ்சியது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் குரல் அடங்கி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். உலகத் தரமான கலைஞனான நான் ஓடிப்போய் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டேன்.

அங்கே வந்து பிடித்தது அக்காதான். பாதி பின்னிய சடை, பட்டுப்புடவை, கையில் மல்லிகைச் சரம்.

"டேய், இந்த எடம் போச்சுன்னா உன்னையப் பாவுல சுத்தித் தறிலயே நெய்ஞ்சுபோடுவேன். அந்த முழுக் கேசட்டு எங்கடா?"

"எது?"

"நீ வெட்டறதுக்கு முன்னால பதிஞ்சது. ஆடி மாசம் பூரா செவுத்துக்கு அந்தப்பக்கம் போட்டுப் போட்டு என் உசுர வாங்குனியே, அது! அதுல அப்பா முழுசாப் பேசிருக்கறார்டா, முட்டாள்!"

என் படைப்பை ஊன்றிக் கேட்ட ஒரே ஜீவன் வெறுப்பில் கேட்டிருக்கிறாள். மூலக் கேசட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பழனிச்சாமியண்ணன் இரண்டு குழாய்க்கும் ஒயரைச் சரியாகக் கொடுத்துப் போட்டார். இந்த முறை ஊருக்கே கேட்டது.

தடக் தடக். "கதவச் சாத்திப்போட்டு ஓட்டுங்க, ஆடிக் காத்துல நூலு பூரா அறுந்துபோவுது!"

"ஆடிக் காத்துங்க" என்றார் அப்பா, உயிர் வந்தவராக. "ஆடில பேசுனதுங்க! நாம தறிய நிறுத்துனது ஆவணிலதானுங்களே!"

நாச்சிமுத்துக் கவுண்டர் முகம் இளகியது. ஆடிக் காற்றில் அவரும் கதவைச் சாத்தி ஓட்டியவர்தானே. அவர் வாயைத் திறந்து 'சம்பந்தி' என்று ஆரம்பித்தார். டேப்பை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் நிம்மதியில் இருந்ததால் யாருக்கும் தோன்றவில்லை. குழாயில் அப்பா தொடர்ந்தார்.

"இதுல இவன் வேற, படிச்சுப்போட்டு வேல வெட்டிக்குப் போகாம, பைத்தியக்காரனாட்ட டேப்பத் தூக்கிட்டுத் தறியத் தறியச் சுத்தறான். இவனுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?"

பிறகு மாராத்தாக்காவின் குரல். "மந்திரிச்சுக் கவுறு கட்டுங்க, சரியாப் போயிரும்." அதன்பின் ஒரு தும்மல்.

தெருவே வெடித்துச் சிரித்தது. துப்பறியும் சித்தப்பா சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நாச்சிமுத்துக் கவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்தி, மொதல்ல தம்பிக்கு ஒரு கவுறு கட்டிப்போட்டு அப்பறம் உப்புச் சக்கரைய மாத்திக்கலாங்க" என்றார். கட்டினார்கள். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே மாராத்தாக்கா கறுப்புக் கயிறு கொண்டுவந்து என் கையில் கட்டினாள். நிச்சயதார்த்தப் போட்டோவில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடி தெளிவாகத் தெரிவது அந்தக் கயிறுதான்.

அக்கா சந்தோஷமாக வாழ்கிறாள். நான்தான் படாத பாடு பட்டேன். எனக்குப் பெண் தேடிப் போன இடத்திலெல்லாம், "அந்த மைக் செட்டுப் பையனுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி கொடுத்தார்கள். கடைசியில் ஈரோட்டில், இந்தக் கதை எட்டாத தூரத்தில், ஒரு நல்ல குடும்பத்தை ஏமாற்றிக் கல்யாணம் செய்துகொண்டேன். (தாலி கட்டிய கை இறங்குவதற்குள் சுமதி அக்காவைக் கட்டிய மச்சான் என் மனைவியிடம் சொல்லிவிட்டார்.)

நான் வெட்டி ஒட்டிய அந்தக் கேசட்டுக்கும் ஒரு காலம் வந்தது. அக்காவுக்கு மகள் பிறந்தாள். தறி வீட்டுக் குழந்தை, தறிச் சத்தத்தில் தூங்கி, தறி நின்றால் வீறிட்டு எழும். கரண்ட் போகும்போதெல்லாம் வீடே அல்லோலகல்லோலப்படும். ஒருநாள் நாச்சிமுத்து மாமா என் கேசட்டைக் கேட்டு வாங்கி, பேட்டரி டேப்பில் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஓடவிட்டார். குழந்தை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிற்று. பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அவளை அப்படித்தான் தூங்க வைத்தார்கள்.

இப்போது அவள் பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறாள். விசேஷத்துக்கு விசேஷம் நான் இசையைப் பற்றி வாயைத் திறந்தால் போதும். மச்சான் எழுந்துபோய், "கதவச் சாத்திப்போட்டு ஓட்டுங்க" என்று அறைக் கதவைச் சாத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா மகள் மட்டும் சிரிக்க மாட்டாள். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும், பாவம், அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும்.