அக்கரைக் கயிறு

உயிர் இறைவன் தந்தது. அதைத் திரும்பப் பெற முறைப்படி ஒரு கூட்டம் வேண்டும். ஆகவே, மரண தண்டனையை மீண்டும் கொண்டுவர தலைநகர் மணிலாவின் அரசு முனைந்தபோது, பொதுமக்கள் கருத்தறியும் பொருட்டு எங்கள் சான் ரோக்கே நகர மண்டபத்தில் தொகுதியின் மாண்புமிகு பிரதிநிதி நிக்கனோர் எழுந்தருளினார். அனைவருக்கும் நூடுல்ஸ் வழங்கப்பட்டது.

"தூக்கு வேணுமா?"

"வேணும்" என்றது மண்டபம். வாய் நிறைந்திருந்தவர்கள் கையை உயர்த்தினர்.

மளிகைக்கடை பசிட்டா மட்டும் எழுந்தார். "போதைத்தூள் விக்கிறவனுக்குமா சார்?"

"அவனுக்குத்தான் முதல்ல."

"எங்க அக்கா மகன் அந்தத் தொழில்லதான் இருக்கான். அவன் ஞானஸ்நானத்துல ஞானத்தந்தையா நின்னது நீங்கதானே."

பிரதிநிதி சிந்தனையில் ஆழ்ந்தார். ஞானப்பிள்ளையின் கழுத்துக்கு ஒப்பமிடுவது எங்கள் மண்ணின் பண்பாடன்று. எனவே அங்கேயே ஒரு திருத்தம் உதித்தது: சிறை எந்தத் தொகுதியில் உள்ளதோ அதன் பிரதிநிதியே ஒப்பமிட வேண்டும், தம் ஞானப்பிள்ளைக்கு மட்டும் இடலாகாது.

தேர்தல்தோறும் ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவர் அவர். பாதி மண்டபம் நிம்மதியாக மூச்சுவிட்டது.

மீனவன் இஸ்கோவின் மனைவி லூடிங் முன்னே வந்தாள். "என் புருஷனுக்கு யாருமில்ல சார். கொலைக் கேசுல உள்ள இருக்கான். அன்னிக்கு அவன் கடல்ல இருந்தான், மீனுங்கதான் சாட்சி. ஞானஸ்நானத்துக்கு அப்புறம் கோயில்ல செய்யற உறுதிபூசுதல் அவனுக்கு இன்னும் ஆகல. அதுக்கு நீங்க ஞானத்தந்தையா நிக்கணும்."

ஞானத்தந்தையாக நிற்கக் கேட்டவரை மறுத்தால் கேடு சூழும் என்பது எங்கள் நம்பிக்கை. தேர்தலும் சூழ்ந்திருந்தது.

"நிக்கிறேம்மா."

"அப்ப யாரைத்தான் தூக்குல போடறது?" என்றார் பசிட்டா, ஏமாற்றத்துடன்.

எல்லா விரல்களும் ஆற்றுக்கு அப்பால் நீண்டன.

"நம்ம ஜெயில்ல அக்கரைக்காரங்கதான் நிறைய. கவலைப்படாதீங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் பிரதிநிதி. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

லூடிங் மட்டும் தட்டவில்லை. "சார், என் புருஷன் இருக்கிறது அக்கரை ஜெயில்ல."

"அப்படியா? அங்க கையெழுத்துப் போடறவர் நம்ம கும்பாரே, என் பிள்ளைக்கு ஞானத்தந்தை, தங்கமான மனுஷன். நாளைக்கு அவரும் கூட்டம் போடறாரு."

மறுநாள் அக்கரையில் அதே நூடுல்ஸ். அத்தனை விரல்களும் எங்களை நோக்கி.

அன்பர்களே, சுட்டுவிரலை நீட்டுமுன் எக்கரையில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரதிநிதி சொல் தவறாதவர். ஞாயிறன்று சிறைக்குச் சென்று, இஸ்கோவின் தோளில் கைவைத்து ஞானத்தந்தையாக நின்றார். திரும்பும் வழியில், தம் படம் அச்சிட்ட பட்டையோடு மலர்வளையத்துக்கும் சொல்லிவிட்டு வந்தார். மொத்தமாக வாங்கினால் மலிவாம். இறந்தவர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடச் சொன்னார்.