பிறத்தியார் வலிக்குப் பொழிப்புரை

மனிதரில் ஒரு ரகம் உண்டு. வலி உங்களுக்கு இருக்கும். காரணம் அவர்களிடம் இருக்கும். மருந்து கேட்டால் விளக்கம் தருவார்கள். ஊருக்கு ஒருவர் கண்டிப்பாக உண்டு. எங்கள் கொச்கோருக்கு வாய்த்தவர் சத்தார்குல்.

மோட்டார் உதிரிபாகக் கடைக்காரர். ஒரு சமயம் முதுகுவலி என்று இசிக்குல் ஏரிக்கரையில் இருக்கும் சானடோரியம் என்கிற சிகிச்சை விடுதிக்குப் போனார். சேற்றுக் குளியல் போட்டு, வயிறு முட்டத் தின்று, டாக்டர் ஒருவர் நடத்திய பிரசங்கத்தில் பாதியைக் கேட்டு, மீதியில் தூங்கிவிட்டு ஊர் திரும்பினார். அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் வலிச் செய்தி தண்டுவடம் வழியாக மேலே ஏறுகிறது, மூளைத்தண்டு கீழே ஆணை அனுப்பி அதை வழியிலேயே மடக்குகிறது என்பது வரை விழித்திருந்தார். அதே மூளைத்தண்டு சில சமயம் வலியை ஊதிப் பெரிதாக்கியும் விடும் என்ற இடத்தில் குறட்டை. பாதி போதாதா? அன்றிலிருந்து பல்வலிக்காரன், பிரசவ வலிக்காரி, குதிரையிடம் உதை வாங்கியவன் என்று ஒருவரையும் அவர் விட்டதில்லை. தேநீர்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, "தண்டுவடத்துல ஒரு கதவு இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அவருக்கே முதுகு பிடித்துக்கொண்டால்? அப்போது கதவாவது கத்தரிக்காயாவது! தெருமுனை வரை அலறல்தான்.

இந்த வருஷ நோரூஸ் பண்டிகைக்குக் கோக்-போரு ஆட்டம் நடந்தது. தலையில்லாத ஆட்டைக் குதிரைமேல் இருந்தபடியே பிடுங்கிப் போய் எதிரணியின் குழியில் போடவேண்டும். எங்கள் அணியின் எர்மெக் குதிரையோடு விழுந்தான், குதிரை அவன் வலது காலின்மேல் விழுந்தது. கூட்டம் பதறியடித்து ஓடியது. எதைப் பார்க்க? குதிரையை! எங்கள் வழக்கம் அப்படி. கால்நடை டாக்டர் அதன் நான்கு காலையும் தடவிப் பார்த்து, லேசாக நொண்டுகிறது, ஓய்வு வேண்டும் என்று வெளியே அனுப்பிவிட்டார். எர்மெக்குக்கு வேறு குதிரை வந்தது.

அவன் மனைவி ஊல்கான் வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். "பூட்ஸைக் கழட்டுங்க. கால் ஒரு மாதிரி திரும்பியிருக்கு."

"வலிக்கலடி," என்றான் எர்மெக். பொய் சொல்லவில்லை. ஆட்ட வெறியில் அவனுக்கு நிஜமாகவே வலிக்கவில்லை.

அதற்குள் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தார் சத்தார்குல். "எப்படிம்மா வலிக்கும்? மூளைத்தண்டு கதவைச் சாத்திடுச்சு! வலி இல்லேன்னா அடியும் இல்லேன்னு அர்த்தம். ஏத்துங்கடா அவனை!"

"அண்ணே, நீங்க என்ன டாக்டரா?"

"டாக்டர் பேசினதையே கேட்டவன்மா நான்."

ஏற்றினார்கள். சாவுச் செய்தி கொண்டுவருகிறவனை வாசலிலேயே மடக்கிவிட்டால் செத்தவன் பிழைத்துவிடுவானா? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் புத்தியில்லை. எர்மெக் அந்தக் காலோடு கடைசிவரை ஆடினான், ஆட்டைக் குழியிலும் போட்டான், கல்பாக் தொப்பிகள் ஆகாயத்தில் பறந்தன. ஆட்டம் முடிந்து இறங்கிக் காலை ஊன்றியதும் அது முழங்காலுக்குக் கீழே மடிந்தது. அவன் போட்ட கூச்சலில் குதிரைகள் மிரண்டன. பூட்ஸை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. உள்ளே ஒரே ரத்தம்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா சுருக்கமாகச் சொன்னார்: முறிந்த எலும்போடு சவாரி செய்ததில் ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது, விழுந்த உடனே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சத்தார்குல் பார்க்க வந்தார். வெறுங்கையோடு வருவாரா? ஒரு பை போர்சோக் பலகாரமும், அதைவிடப் பெரிய மூட்டையாக அறிவும் கொண்டுவந்தார். எர்மெக் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"பாதம் வலிக்குதுண்ணே. சுண்டுவிரலை யாரோ புடிச்சு முறுக்குற மாதிரி இருக்கு."

"எந்தப் பாதம்டா?"

"வலது."

சத்தார்குல் போர்வையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஆமாம் ஐயா, மலர்ந்தது! "அதுதான் இல்லையேடா! இல்லாத பாதம் எப்படி வலிக்கும்? அதாவது, தண்டுவடத்துல..."

ஊல்கான் பலகாரப் பையை எடுத்து அவர் கையில் திணித்தாள். "எழுந்திரிங்க. வலிக்கலன்னு அவர் சொன்னப்ப உடனே நம்புனீங்கல்ல? இப்ப வலிக்குதுங்கிறாரு. இதையும் நம்புங்க."

உங்களுக்கு வயிறு எரிகிறதா? எனக்கும்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 'பாதம் வலிக்குது' என்று எர்மெக் சொன்னானே, அந்த நேரத்தில், வெட்டியெடுத்த கால் ஏன் வலிக்கும் என்று எனக்குத் தெரியுமே, எங்கோ படித்திருக்கிறேனே என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததா, இல்லையா? துறுதுறுத்திருந்தால் தயவுசெய்து கட்டிலுக்குப் பக்கத்தில் வராதீர்கள். சத்தார்குல் வெளியே வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது.