தண்ணீரைப் பிரித்த பம்பு

முத்தெரு நாட்டில் கொல்லருக்கு ஒரு தெரு, நெசவாளருக்கு ஒரு தெரு, மேளம் செய்கிறவர்களுக்கு ஒரு தெரு, நடுநடுவே மதில். ஒரு தெருவின் அறிவு இன்னொரு தெருவின் அறிவோடு கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்பது மன்னரின் கண்டுபிடிப்பு. அவர் வேறெதையும் கண்டுபிடித்ததில்லை.

கொல்லர் தெருக் கிணறு வற்றியது. வேலாத்தாள் அதன் அடியில் குழாய் இறக்கி, தன் பட்டறையில் அடித்த இரும்புப் பம்பை மாட்டினாள். உள்ளே இறுக்கம் போதாமல் அது காற்றைத்தான் இழுத்தது. மதிலுக்கு அப்பால் மேளம் அதிரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு குறுகுறுப்பு. அந்தத் தோல் எப்படி இவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது?

மதில் ஓட்டையில் வாய் வைத்துக் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க மாரப்பண்ணா, தோலை எப்படிப் பதம் பண்றீங்க?"

"ஊறவெச்சு எண்ணெய் காட்டணும். உனக்கெதுக்கு? நீயே மேளம் கொட்டப்போறியா?"

"கிணத்துக்குக் கொட்டப்போறனுங்க."

ஓட்டை வழியே ஒரு தோல் வளையம் வந்தது. நெசவுத் தெரு ஓட்டை வழியே, பம்பைக் காலால் இயக்க, தறியின் மிதிகட்டை வந்தது. மிதித்ததும் தண்ணீர் பீறிட்டது. கூடவே மதில் மந்திரியும் வந்துவிட்டார்.

"மூன்று தெரு அறிவு ஒரே பொருளிலா? கலப்படம்! பிரித்து அந்தந்தத் தெருவுக்கு அனுப்புங்கள்."

தெருவுக்கு மறுபடி நாக்கு வறண்டது. மக்கள் முறையிட்டார்கள். மந்திரி உடனே நடவடிக்கை எடுத்தார்: மதில் ஓட்டைகளை அடைக்கச் சொன்னார்.

அடைக்கும்போது வேலாத்தாள் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "மந்திரி ஐயா, மதில் கதவுத் தாழ்ப்பாள் எங்க தெருவுது. அதை இழுக்கற கயிறு நெசவுத் தெருவுது. தோல்வார் மேளத் தெருவுது. இதையும் பிரிச்சிரலாமுங்களா?"

சபை கூடியது. விருந்து முடிந்ததும் திருத்தம் வெளியானது: "சேர்ப்பதற்காகக் கலந்தால் குற்றம். பிரிப்பதற்காகக் கலந்தால் தேசபக்தி."

"அப்ப நம்ம பம்பும் தேசபக்திதானுங்க. தண்ணியை மண்ணுலேருந்து பிரிக்குதுங்களே!"

மந்திரி பம்பை மறுபடி பூட்டச் சொன்னார். பிறகு பம்பின் மேல் மன்னர் படத்தை ஒட்டி அனுமதி கொடுத்தார்.

மதில் இருந்ததால்தான் தண்ணீர் வந்தது என்று நாடெங்கும் முரசறைந்தார்கள். அடுத்த சபைத் தேர்தலில், மதிலை இன்னும் உயர்த்துவோம் என்றவர்களே ஜெயித்தார்கள். கொல்லர் தெருவும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய் அவர்களுக்கே ஓட்டுப் போட்டது.

மதிலை உயர்த்தச் சாரம் கட்டினார்கள். வேலாத்தாள் மூங்கிலையும் முடிச்சையும் அண்ணாந்து பார்த்தாள்.

"மேஸ்திரி, இது எத்தனை ஆளைத் தாங்கும்?"

"தெருவே ஏறினாலும் தாங்கும். எதுக்கம்மா?"

"சும்மாதானுங்க. அந்தப் பக்கமும் இதே மாதிரி கட்டியிருக்கீங்களா?"

"நல்லாக் கேட்டே போ! ரெண்டு பக்கமும் சாரம் கட்டாம மதில் எப்படி எழும்பும்?"