நாலுமுனையில் கைமாறிய தட்டு

ஒரு ஊரில் குடியேறி இரண்டு வருடம் ஆனவர்களிடம் மட்டும் யாரும் வழி கேட்கக் கூடாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் தெரிந்தால் சொல்வார்கள், தெரியாவிட்டால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள். நேற்று வந்தவர்கள் ஆட்டோக்காரரைக் கேட்கச் சொல்வார்கள். இந்த இரண்டு வருடத்துக்காரர்கள் இருக்கிறார்களே, கையை நீட்டிக் காட்டியும் மனசு ஆறாமல் கூடவே நடந்து வந்து கொண்டுபோய் விடுவார்கள். எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பது வேறு விஷயம். நான் அந்த ரகம்.

பிள்ளைகள் படிப்புக்காக சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து, மந்தைவெளிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போய், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிறகு கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவேன். எந்தப் பாத்திரக்கடையில் பழைய அலுமினியத்துக்கு நல்ல விலை போடுவார்கள், எந்தச் சந்தில் நுழைந்தால் வெல்லமண்டி வாசலில் வெளியே வரலாம், எந்த டீக்கடைக்காரர் பொம்பளைகள் வந்தால் உள்ளே பெஞ்சு போட்டுக் கொடுப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.) கிராமத்திலிருந்து யார் வந்தாலும் நானே கூட்டிக்கொண்டு போய் ஊரைச் சுற்றிக் காட்டுவேன். வந்தவர்கள் கால் வலிக்குது என்று சொல்வதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் மகள் காவியாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். நாத்தனார் வசந்தி, எங்க வீட்டுக்காரருக்குத் தங்கை. தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கூட்டம் பெரிசு என்று கள்ளக்குறிச்சியில் மண்டபம் பிடித்திருந்தார்கள். தாய்மாமன் சீர் எங்களுடையது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சீர்வரிசை மேளத்தோடு நடந்துதான் வரவேண்டும். முன்னால் மாமன் பெண்டாட்டி முதல் தட்டைப் பிடித்துக்கொண்டு வருவாள். பெண்ணுக்கான பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம், சந்தனம், வளையல் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்தத் தட்டு மண்டபத்துக்குள் வராமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

விழாவுக்கு முந்தின வாரம் வசந்தி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அண்ணி, வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு உள்ள வந்துடணும். காவியா காதுகுத்துக்கு நீங்க லேட்டா வந்தத எங்க மாமியார் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கினு கீறாங்க. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா, நான் இந்த வூட்ல தல தூக்க முடியாது."

காதுகுத்துக்கு லேட்டானது பஸ் பஞ்சரானதால். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அவள் மாமியார் பஸ்ஸைக் குறை சொல்ல மாட்டாள், எங்களைத்தான் சொல்வாள். எந்த நல்ல காரியத்திலும் இலை போட்டதும் அந்தப் பேச்சு தானாக வந்துவிடும். வசந்தி தலையைக் குனிந்துகொண்டு பரிமாறுவாள். நானே பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். "நீ நிம்மதியா தூங்கு வசந்தி, கண்ண கட்டி வுட்டாக்கூட நான் அந்த மண்டபத்துக்கு வந்துடுவேன்" என்றேன்.

அந்த மண்டபத்தை நான் பார்த்ததே இல்லை. பாத்திரக்கடைகளைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

இப்போதெல்லாம் விசேஷம் என்றால் ஒரு பக்கத்துப் பொம்பளைகள் எல்லோரும் ஒரே கலரில் புடவை கட்ட வேண்டுமாம். அந்தப் பொறுப்பும் என்னிடம்தான் வந்தது. கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த துணிக்கடையில் மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் போட்ட புடவையைக் காட்டினார்கள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, இந்த டிசைன் ஊரிலேயே எனக்கு மட்டும்தான் கொடுக்கிறார் என்றும், வேறு யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அவ்வளவு பெரிய கடையை வைத்திருப்பவர் என்னிடம் ஏன் பொய் சொல்லப்போகிறார் என்று மொத்தமாக வாங்கிவந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கிராமத்திலிருந்து வேனில் சொந்தக்காரப் பொம்பளைகள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் மாம்பழம். சந்தே மஞ்சளாகிவிட்டது. எங்க வீட்டுக்காரர் மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்விடலாம், கால் மணி நேரம்கூட ஆகாது என்றார். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வருடமாக நான் நடந்த கடைத்தெரு. அங்கே இருக்கிற பூக்கார அக்கா, பாத்திரக்கடைக்காரர், வளையல்கடைப் பெண் எல்லோரும் எங்கள் வீட்டுச் சீரைப் பார்க்க வேண்டாமா? கடைத்தெரு வழியாகப் போனால் இன்னும் சீக்கிரம் என்று அடித்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டுகளை எண்ணப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாதாடி நான் பார்த்ததில்லை.

கடைத்தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் மாமன் போடவேண்டிய மாலையை வீட்டிலேயே மறந்துவிட்டது தெரிந்தது. வாடக்கூடாது என்று ஈரத்துணி சுற்றி பாத்ரூம் வாளியில் வைத்தவள் நான்தான். அவர் வீட்டுக்குத் திரும்பி ஓடினார். மாலையை எடுத்துக்கொண்டு பைக்கில் நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

இப்போது ஊர்வலத்துக்கு நான்தான் எல்லாம். முன்னால் பம்பைக்காரர்கள், அடுத்து முதல் தட்டோடு நான், எனக்குப் பின்னால் பழம், பலகாரம், வெள்ளிச் சாமான் என்று வரிசை. முகூர்த்த நாள் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கால் வைக்க இடமில்லை. பூக்கடையிலிருந்து அந்த அக்கா கூப்பிட்டு, சீரா என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். பின்னால் திரும்பி, "நான் வர்ற வரைக்கும் யாரும் ஒரு அடி நவுராதீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு கடைக்குள் போனேன்.

அக்கா பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்த்தாள். விலை கேட்டாள். நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவள் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கதம்பம் கொடுத்தாள். அதற்குள் வெளியே ஒரே ஹாரன் சத்தம். கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழி தவறியோ என்னவோ அந்தத் தெருவுக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் கடைப் பந்தல்களை உரசிக்கொண்டு ஊர்ந்தது.

டிராக்டர் நகர்ந்ததும் வெளியே வந்து பார்க்கிறேன், மாம்பழப் புடவைகள் மேளத்தோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கின்றன. எனக்கு வந்ததே கோபம். நகராதீங்க என்று சொல்லி மூச்சு விடவில்லை, அதற்குள் கிளம்பிவிட்டார்கள். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி, எல்லோரையும் தாண்டி முன்னால் போய் நின்று நடக்க ஆரம்பித்தேன். கோபத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேளம்கூடக் கொஞ்சம் மாறி அடிப்பது போல இருந்தது. கடைத்தெருவைப் பார்த்ததும் அவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மேளக்காரர்கள் இடது பக்கம் திரும்பினார்கள். நான் நேராகப் போக நினைத்திருந்தேன், ஆனாலும் அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் என்பது போல கையை இடது பக்கம் காட்டினேன்.

மண்டபம் வந்தது. வாழைமரம், சீரியல் பல்பு, பெண் படம் போட்ட ஃபிளக்ஸ். அதை நின்று பார்க்க எனக்குப் பொறுமையில்லை. வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். பத்து மணிகூட ஆகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நேராக மேடைக்கு ஏறி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சந்தனம் பூசினேன். மேக்கப் பெட்டியை மொத்தமாகக் கொட்டியிருந்தார்கள். புருவம் வரை பவுடர்.

"இன்னாடி காவியா இது, உன் மூஞ்சியே காணோம்" என்றேன், வீடியோக்காரருக்கும் கேட்கும்படி.

அந்தப் பெண் மெதுவாக, "நான் காவியா இல்லங்க, நிவேதா" என்றது. "நீங்க யாருங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். கீழே மாம்பழப் புடவையில் ஒரு கூட்டமே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் ஒரு முகத்தைக்கூட எனக்குத் தெரியாது. நிவேதாவின் அம்மா முன்னால் வந்து, எங்க அண்ணி தேவகி எங்கே, முதல் தட்டு எங்கே என்று கேட்டாள். அப்புறம் விசாரித்தால், ஊர்வலத்தில் வந்தவர்கள் என்னை மண்டபத்துக்காரர்கள் வழிகாட்ட அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டார்களாம். அதே புடவையை அவர்களுக்கும் அதே கடைக்காரர், ஊரிலேயே உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல வெயில். மணி போய்க்கொண்டிருந்தது. வசந்தி வாசலில் நிற்பாள், பக்கத்தில் அவள் மாமியார் நிற்பாள், இது மட்டும்தான் மனசில். பூக்கடைக்கு வந்து பார்த்தால் எங்கள் ஆட்கள் ஒருத்தரும் இல்லை. என் போன் வீட்டில் கட்டைப்பைக்குள் கிடந்தது. எந்தச் சந்து, எந்தப் பக்கம் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு வருடம் நடந்த கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டி வெள்ளரிக்காய்க்காரரிடம் வழி கேட்டேன். நாலுமுனைக்குப் போய்த் திரும்பு என்றார். அழுகை வந்துவிட்டது.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் நான் சொன்னபடி ஒரு அடி நகரவில்லை. பூக்கடைக்குக் கொஞ்சம் பின்னால் பாத்திரக்கடை வாசலில், டிராக்டர் மறைத்ததில் என் கண்ணில் படாமல், தட்டும் கையுமாக அப்படியே நின்றிருக்கிறார்கள். அதே தெருவில் வந்த நிவேதா வீட்டு ஊர்வலத்திலிருந்து பிரிந்து டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட தேவகி தன் தட்டோடு ஓடிவந்து, நிற்கிற மாம்பழப் புடவைகளைப் பார்த்து, தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று முன்னால் போய் நின்றுவிட்டாள். எங்கள் ஆட்களோ, வசந்தி வீட்டிலிருந்து அழைத்துப்போக ஆள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் பம்பைக்காரர்களுக்கு மண்டபம் தெரியும். நல்ல நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

வாசலில் நின்ற வசந்திக்கு முதல் தட்டோடு வருவது யார் என்றே தெரியவில்லை. பக்கத்திலிருந்த மாமியார், யாரிது, உன் அண்ணி எங்கே என்று ஆரம்பித்துவிட்டாள். தேவகி ஃபிளக்ஸில் இருந்த பெயரைப் படித்துவிட்டு வாயைத் திறந்தாள். வசந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பெரியப்பா வூட்டு அண்ணிங்க அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, ஆரத்தித் தட்டுக்குக் குனிகிற சாக்கில் தேவகி காதில் சொன்னாளாம்: "ஒண்ணும் சொல்லாதீங்கக்கா, உங்கள கையெடுத்துக் கும்புடறேன். தட்ட மட்டும் உள்ள குடுத்துடுங்க."

தேவகி வசந்தியின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அவளும் ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் மேடையேறி, காவியாவுக்குச் சந்தனம் பூசி, தட்டைக் கையில் கொடுத்து, நல்லா இரு என்று வாழ்த்திவிட்டாள். அப்போதுதான் மாலையோடு எங்க வீட்டுக்காரர் வந்து சேர்ந்திருக்கிறார். மாலையைப் போட்டவுடன் வசந்தி அவரைத் தனியாக இழுத்து விஷயத்தைச் சொல்லி, முதலில் இந்தப் புண்ணியவதியைக் கொண்டுபோய் அவள் மண்டபத்தில் விடு என்று துரத்தியிருக்கிறாள்.

நாலுமுனைச் சந்திப்பில், நான்கு பக்கமும் பஸ் நிற்க, நடுவில் நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எதிரே எங்க வீட்டுக்காரர் பைக் வந்தது. பின் சீட்டில் என் புடவையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒருத்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நொடி எனக்குத் தலை சுற்றியது. (அந்த ஒரு நொடியில் நான் நினைத்ததை இங்கே எழுத முடியாது. பிள்ளைகள் படிப்பார்கள்.)

பைக்கை நிறுத்தினார். தேவகி இறங்கவே இல்லை. "அக்கா, என் தட்டு உங்க வூட்டுக்குப் போயிடுச்சு. உங்க தட்ட எனக்குக் குடுங்க, எங்க நாத்தனார் காத்துக்கினு இருப்பா" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்வது? எங்க வீட்டுக்காரர் கியரைப் போட்டுக்கொண்டே, "நான் இவங்கள வுட்டுட்டு வரேன். நீ நடந்து போ, உனக்குத்தான் எல்லா வழியும் தெரியுமே" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே குத்தல் பேச்சு அதுதான். இருபது வருடத்துக்குச் சேர்த்து வைத்திருந்தது போல இருந்தது.

அவர்கள் ராகு காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் வெறுங்கையோடு மண்டபத்துக்குள் நுழைந்தபோது முதல் பந்தி முடிந்திருந்தது. காவியா தேவகி கொண்டுவந்த பட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால், நான் எடுத்ததைவிட நல்ல புடவை. வசந்தி என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள், மறுபடி சிரித்தாள். அவள் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெரியப்பா வீட்டு மருமகள் எவ்வளவு பொறுப்பு, நேரத்துக்கு வந்து நின்றாள் என்று சொல்லிவிட்டுப் பாயசம் வாங்கிக்கொண்டாள்.

அந்தம்மாவுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. சொல்லவும் முடியாது, சொன்னால் வசந்தி மாட்டிக்கொள்வாள். அதனால் வசந்தி வீட்டு விசேஷம் எதுவானாலும் இல்லாத பெரியப்பா வீட்டுக்கு ஒரு பத்திரிகை போகிறது. தேவகி கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுகிறாள். அவள் வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் போகிறோம். நிவேதாவுக்கு நான் பூசிய சந்தனத்தை அவர்கள் வீடியோவிலிருந்து எடுக்கவே இல்லை. போகிறபோதெல்லாம் டிவியில் போட்டுக் காட்டுகிறார்கள்.

போன மாதம் வசந்தி புது வீடு கட்டிக் குடிபோனாள். பால் காய்ச்ச நல்ல நேரம் விடியற்காலை. முந்தின நாளே மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம், முதல் தட்டு பெரியப்பா வீட்டு மருமகள்தான் எடுத்துவர வேண்டும், சொந்த அண்ணி மெதுவாக வரட்டும் என்று. தேவகி முதல் தட்டோடு முன்னால் நடந்தாள். நான் பின்னால் வாழைப்பழத் தாரோடு போனேன். வந்திருந்த யாரோ இவர்கள் இரண்டு பேரும் யார் என்று வசந்தியைக் கேட்டார்கள்.

"எனக்கு ரெண்டு அண்ணிங்க" என்றாள் வசந்தி. "ஒருத்திக்கு ஊரே தெரியும். இன்னொருத்தி வந்து சேர்ந்துடுவா."